மோட்டாரைத் தொட்ட கைகள்

சண்டை நடந்த இடத்தை நீதிபதி நேரில் போய்ப் பார்க்கலாம், சட்டம் தடுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு வரப்புக்கும் ஒவ்வொரு சுவருக்கும் அவர் கிளம்பிப் போனால் நாற்காலியில் உட்கார ஆள் இருக்காது. அதனால் ஒரு வக்கீலை அனுப்புவார்கள். அப்படிப் போகிறவருக்குக் கமிஷனர் என்று பெயர். பெயர்தான் பெரிது. வேலை, பார்த்துவிட்டு வந்து பார்த்ததை எழுதுவது.

அதிலும் ஒரு கட்டு உண்டு. சுவர் இடிந்து கிடக்கிறது என்று எழுதலாம். இடிந்த கல்லில் பாசி பிடித்திருந்தால் அதையும் எழுதலாம். இடித்தவர் யார் என்று எழுதக்கூடாது. எழுதினால் எதிர்த்தரப்பு வக்கீல் அடுத்த வாய்தாவில் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு மொத்த அறிக்கையையும் குப்பைக்கு அனுப்பிவிடுவார். கண்ணுக்கு அனுமதி, வாய்க்கு இல்லை. எனக்கு இந்த வேலை பிடிக்கும். ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது, எப்படிக் கெட்டுப்போனது என்று பார்ப்பதற்குக் கோர்ட்டே அனுப்பிவைக்கிறது என்றால் யாருக்குத்தான் பிடிக்காது?

சித்தையன்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு கிணற்று மோட்டாரைப் பார்க்க என்னை அனுப்பினார்கள்.

வழக்கு போட்டவர் நாச்சிமுத்து. எதிர்த்தரப்பு அவருடைய சித்தப்பா மகன் பொன்னழகு. இருவர் தோட்டத்துக்கும் ஒரே கிணறு, ஒரே மோட்டார், ஆளுக்குப் பாதிப் பங்கு. ஒருநாள் இவர் முறை, மறுநாள் அவர் முறை. பொழுது விடிந்ததும் முறை மாறும். ஒருநாள் விடிந்து பொன்னழகு தன் முறைக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனபோது மோட்டார் கருகிக் கிடந்ததாம். 'அவனே ஓட்டிக் கருக்கிவிட்டு ஒன்றும் தெரியாதவன் மாதிரி வந்து கத்தினான்' என்பது நாச்சிமுத்துவின் கட்சி. இனிமேல் பொன்னழகு அந்த மோட்டாரைத் தொடவே கூடாது என்று கோர்ட் தடை போட வேண்டும். பொன்னழகின் பதில் மனுவின் சாரம் ஒற்றை வரிதான்: நான் தொடவில்லை.

ஒரு மெக்கானிக்கைத் துணைக்கு வைத்துக்கொள்ள உத்தரவில் இடம் இருந்தது. திண்டுக்கல்லிலிருந்து ரொனால்டு என்பவரை அழைத்துக்கொண்டு போனேன். கருகிய மோட்டார்களுக்குக் காயில் கட்டுகிறவர். பஸ்ஸில் வரும்போதே, "மோட்டாரு பொய் சொல்லாது மேடம். ஆனா கேட்டத மட்டுந்தான் சொல்லும்" என்றார். அப்போது எனக்கு அது சாதாரணப் பேச்சாகத்தான் பட்டது.

மோட்டார் அறை, ஒரு ஆள் குனிந்து நுழையும் அளவுக்குச் சிறியது. வாசலில் ஒருபக்கம் நாச்சிமுத்து, மறுபக்கம் பொன்னழகு. இருவருக்கும் ஒரே மாதிரி மூக்கு, ஒரே மாதிரி முன்வழுக்கை. நாச்சிமுத்துவின் மருமகள் பவித்ரா சற்றுத் தள்ளி, மல்லிகைச் செடி ஓரமாக நின்றுகொண்டிருந்தாள். அவள் புருஷன் முகேஷ்குமாருக்கு வேடசந்தூர்ப் பக்கம் நூல் மில்லில் வேலை. வாரம் ஒருமுறைதான் வருவான். பூந்தோட்டம் அவள் பொறுப்பு.

ரொனால்டு முதலில் மரப்பலகையில் இருந்த ஃபீஸ் கட்டைகளைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு மோட்டாரின் மூடியைக் கழற்றினார்.

"இங்க வாங்க மேடம். என்ன தெரியுது?"

உள்ளே செம்புக் கம்பிகள் வட்டமாகச் சுற்றிக் கட்டப்பட்டிருந்தன. ஒரு கொத்து கறுப்பு, இன்னொரு கொத்து கறுப்பு, மூன்றாவது கொத்து புதுக் குடம் போலப் பளபளப்பு. அதே வரிசையில் வட்டம் முழுக்க மாறி மாறி வந்தது.

இதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன், ஏனென்றால் எல்லாம் இதில்தான் இருக்கிறது. தோட்டத்து மோட்டாருக்கு மூன்று கம்பியில் கரண்ட் வர வேண்டும். மூன்று பேர் சேர்ந்து ஒரு செக்கைத் தள்ளுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். சில நேரம் இரண்டு கம்பியில்தான் கரண்ட் இருக்கும். அப்போது மூவர் சுமையையும் இருவர் தள்ள வேண்டும். அந்த இருவரும் சூடேறிக் கருகுவார்கள். சும்மா நின்ற மூன்றாமவருக்கு ஒன்றும் ஆகாது. ஆகவே இரண்டு கொத்து கருகி ஒன்று பளபளத்தால், மோட்டார் இரண்டு ஃபேஸில் ஓடியிருக்கிறது என்று அர்த்தம்.

"அம்புட்டுத்தான். டூ ஃபேஸ்ல போட்டுக் கருக்கியிருக்காங்க" என்றார் ரொனால்டு.

"கேட்டியாலே?" என்றார் நாச்சிமுத்து, பொன்னழகைப் பார்க்காமல் தென்னை மரத்தைப் பார்த்து. "டூ ஃபேஸ்ல போட்டுக் கருக்கிருக்காப்ல."

"போட்டவன் பேரு அந்தக் கம்பியில எழுதியிருக்கா அண்ணே? இருந்தா வாசி, கேப்போம்."

"எழுதணுமாக்கும். அன்னிக்கு யாரு முறை?"

"முறை என்னுது. மோட்டாரு கருகுனது நான் வாரதுக்கு முந்தி. சுட்ட வாடை எடுத்துச்சு. கிட்டப் போயி நின்னு பார்த்தேன், சூடே இல்ல."

நான் இருவரையும் பேசாமல் இருக்கச் சொன்னேன். அவர்கள் சொல்வதை எழுத எனக்கு அதிகாரம் இல்லை என்றும் சொன்னேன்.

ஆனால் எனக்கு ஒரு கேள்வி இருந்தது. இந்தக் காலத்து ஸ்டார்டர் பெட்டிகளோடு ஒரு சின்னக் கருவி வரும். தோட்டத்துக்காரர்கள் 'பிரிவென்டர்' என்பார்கள். மூன்று கம்பியில் ஒன்றில் கரண்ட் செத்தால் அந்த நொடியே மோட்டாரை நிறுத்திவிடும். அது இருந்தும் எப்படிக் கருகியது?

ரொனால்டு ஸ்டார்டர் பெட்டியைத் திறந்தார். பிரிவென்டர் இருந்தது. அதைச் சுற்றிக்கொண்டு ஒரு பச்சை ஒயர் போனது. அதாவது காவல்காரனை உட்காரவைத்துவிட்டுக் கொல்லைப்புறமாக ஒரு வழி வெட்டியிருந்தார்கள். கீழே, இரண்டு கம்பிக் கரண்டை மூன்று போலக் காட்டி மோட்டாரை ஏமாற்றும் கண்டன்சர் ஒன்று, வயிறு வீங்கிக் கிடந்தது.

அந்தப் பச்சை ஒயரின் முறுக்கு மேலே குளவி ஒன்று மண்கூடு கட்டியிருந்தது. கூடு பழையது, குஞ்சுகள் எப்போதோ துளைத்துக்கொண்டு பறந்துவிட்டன. அதன்மேல் தூசி, தூசியின்மேல் சிலந்தி வலை. நான் விரலால் தொட்டுப் பார்த்தேன். மண் ஒயரோடு இறுகிப் போயிருந்தது.

"இந்த ஒயர் நேத்து மாட்டுனது இல்லையே?" என்றேன்.

"வருசக் கணக்காச்சு மேடம்" என்றார் ரொனால்டு.

நாச்சிமுத்து துண்டை உதறித் தோளில் போட்டார். பொன்னழகு கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தார்.

"அதெல்லாம் கமிசன்ல வருதாம்மா?" என்று கேட்டார் பொன்னழகு.

"கண்ணுல பட்டது எல்லாம் வரும்."

"நீங்க எழுதுங்க வக்கீலம்மா" என்றார் நாச்சிமுத்து. "கோர்ட்டு பாக்குறத கோர்ட்டு பாக்கட்டும். நான் கருப்பசாமிகிட்டயும் நியாயம் கேட்டுக் காசு வெட்டிப் போட்டிருக்கேன்."

"போடு. நான் அதே கருப்பு முன்னாடி சூடம் அணைச்சுட்டேன்" என்றார் பொன்னழகு. "மோட்டாரு கருகுனதுல எனக்குச் சம்பந்தமே இல்லன்னு சத்தியம் பண்ணிருக்கேன். ஊரே பாத்துச்சு."

நாச்சிமுத்து முதல்முறையாக அவர் முகத்தை நேராகப் பார்த்தார். பிறகு ஸ்டார்டர் பெட்டியைப் பார்த்தார்.

குறிப்பும் படமும் எடுத்து முடித்தோம். ரொனால்டு தன் வேலையாக ஆத்தூர் பக்கம் போய்விட்டார். பஸ் நிற்கும் இடம் வரை எனக்குத் துணையாகப் பவித்ரா வந்தாள்.

வழியில் அவள் வலது கையை அடிக்கடி உதறிக்கொண்டே வந்தாள். ஈரத்தை உதறுவது போல. கை காய்ந்துதான் இருந்தது.

"கையில என்னம்மா?"

"மரத்துப் போகுதுக்கா. விரலெல்லாம் எறும்பு ஊருற மாதிரி இருக்கு. பூ எடுக்க முடியல." மறுபடி கையை உதறினாள். "அக்கா, ஒண்ணு கேக்கட்டுமா? கோர்ட்டுல ஒருத்தர் நாந்தான் செஞ்சேன்னு ஒத்துக்கிட்டா, சாமி அத்தோட விட்டுருமா? இல்ல அது தனியா?"

எனக்குக் கால் நின்றுவிட்டது. இப்படி ஒரு கேள்வியைச் சட்டக் கல்லூரியில் யாரும் கேட்டதில்லை. ஒரே குற்றத்துக்கு இரண்டு முறை தண்டிக்கக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. ஆனால் அது இரண்டும் மனிதக் கோர்ட்டாக இருந்தால்தானே?

"யாரு ஒத்துக்கப் போறது?" என்றேன்.

அவள் சொன்னாள். அன்று பொழுது விடிந்துவிட்டது. முறை பொன்னழகுடையது ஆகிவிட்டது. ஆனால் மல்லிகைக் கடைசிப் பாத்திகளுக்குத் தண்ணீர் எட்டவில்லை. செத்த நேரம் ஓட்டிக்கொள்ளலாம் என்று பச்சை பட்டனை அழுத்திவிட்டு, மடை திருப்ப ஓடினாள். எல்லோரும் செய்வதுதான். வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை. திரும்பி வந்தபோது மோட்டார் சுற்றாமல் உறுமிக்கொண்டிருந்தது, புகை. நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள். பொன்னழகு அன்று மாட்டுக்கு மருந்து வாங்கப் போய்விட்டு வெயில் ஏறித்தான் தோட்டத்துக்கு வந்தார்.

"சின்ன மாமா வந்து சத்தம் போட்டாரு. எங்க மாமா பதிலுக்குச் சத்தம் போட்டாரு. நடுவுல நான் எப்படிச் சொல்ல? சொல்றதுக்குள்ள காச வெட்டிட்டாரு. அந்த வாரமே கை மரக்க ஆரம்பிச்சிருச்சு."

"இது மணிக்கட்டு நரம்பு அழுத்துறது. எங்கம்மாவுக்கும் வந்துச்சு, தையல் மிஷின்ல துணியப் பிடிச்சுத் தள்ளித் தள்ளி. பூ எடுக்குறவங்களுக்கு நிறைய வரும். டாக்டர்கிட்ட காட்டு."

"காட்டுறேன்க்கா. பூ எடுக்குறவங்களுக்கு வரும்தான். எனக்கு ஏன் அந்த வாரம் வந்துச்சு?"

நான் அவள் கையைப் பார்த்தேன்.

எங்கள் வீட்டில் சின்ன வயதில் சொல்லிக் கொடுத்த ஒன்று நினைவுக்கு வந்தது. செய்ததற்கெல்லாம் இறைவன் கணக்குக் கேட்கும் மறுமை நாளில் வாய்க்கு முத்திரை வைத்துவிடுவார்கள். கை பேசும், கால் சாட்சி சொல்லும் என்று. அப்போது படுக்கையில் என் கைகளைத் தூக்கிப் பார்த்து, இவை என்னைப் பற்றி என்ன சொல்லும் என்று யோசித்திருக்கிறேன். வக்கீலான பிறகு அந்த ஏற்பாட்டின் அருமை வேறு விதமாகப் புரிந்தது. கோர்ட்டில் எங்களுக்குப் பாதித் தொல்லை சாட்சி பிறழ்வதால். கை எப்படிப் பிறழும்?

"எங்கிட்டச் சொன்னது கோர்ட்டுக்குச் சொன்னது ஆகாது" என்றேன் அவளிடம். "என் அறிக்கையில இத எழுத முடியாது. நீதான் உங்க வீட்டுல சொல்லணும்."

"சொல்லலாம். அதுக்கு முந்தி ஒண்ணு தெரியணும்க்கா. மாமா பேரு சொல்லி வெட்டுனாரா, சொல்லாம வெட்டுனாரா?"

"அதுல என்ன இருக்கு?"

"அதுலதானக்கா எல்லாம் இருக்கு."

பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஒரு வேப்பமரம், அதன் அடியில் கருப்பின் கல் சிலை. பக்கத்தில் டீக்கடை. டீக்கடைக்காரர் ஈஸ்வரன்தான் பூசாரியும். பவித்ராவுக்கு மாடு கட்ட நேரமாகிவிட்டது, அவள் போய்விட்டாள். பஸ் வரும் வழியாக இல்லை. நான் ஒரு டீ வாங்கிக்கொண்டு ஈஸ்வரனிடம் விசாரித்தேன். அவருக்கும் பொழுது போக வேண்டியிருந்தது.

"அங்க பாருங்க, கல்லு. அந்த இரும்பு உளி. காசக் கல்லுல வச்சு ஒரே அடி. ரெண்டாத் தெறிக்கணும். தெறிச்சத அரிவாளுக்குக் கீழ போட்டுட்டு, சாமி காதுல வழக்கச் சொல்லணும். அம்புட்டுத்தான். வாய்தா கிடையாது, வக்கீலு கிடையாது. கோச்சுக்காதீங்கம்மா."

"கோபமெல்லாம் இல்ல. பேரு சொன்னா என்ன, சொல்லாட்டி என்ன?"

"பேரு சொல்லாட்டி, செஞ்சவன் யாரோ அவன கருப்பே தேடிப் போகும். பேரு சொன்னா அந்தப் பேரு சரியா இருக்கணும். இல்லாதவன் மேல பழியச் சொல்லி வெட்டுனா, வெட்டுனவன் மேலயே திரும்பிரும்."

டீயை வைத்துவிட்டு யோசித்தேன். இது எங்கள் சட்டத்தை விடக் கறாராக இருந்தது. பொய் வழக்குக்கு எங்களிடமும் தண்டனை உண்டு. யாருக்கும் கொடுத்துப் பார்த்ததில்லை. பவித்ராவின் கணக்கும் புரிந்தது. நாச்சிமுத்து பொன்னழகின் பெயரைச் சொல்லியிருந்தால் தண்டனை நாச்சிமுத்துவுக்கு. சொல்லாமல் விட்டிருந்தால் அவள் கைக்கு. மாமனாரைக் காப்பாற்றவா, தன்னைக் காப்பாற்றவா என்று தெரியாமல் அவள் எப்படி வாயைத் திறப்பாள்?

"நாச்சிமுத்து என்ன சொன்னாரு?"

"அது எனக்கு எப்படித் தெரியும்? காதுல சொல்றது. நான் தள்ளிப் போயிருவேன். அதுதான் முறை."

"வழக்கத் திரும்ப வாங்கலாமா?"

"ஏன் வாங்கக்கூடாது? வெட்டுனவரும் வரணும், சம்பந்தப்பட்டவங்களும் வரணும். அன்னிக்குக் காதுல சொன்னத இன்னிக்கு எல்லாருக்கும் கேக்குற மாதிரிச் சொல்லணும். சொல்லிட்டு முழுக் காசு ஒண்ணு வைக்கணும்."

"சூடம் அணைச்சு சத்தியம் பண்ணுனத?"

ஈஸ்வரன் டீ ஆற்றுவதை நிறுத்தினார். "அத வாங்க முடியாதும்மா. காசு வெட்டுறது கேக்குறது. கேட்டத வேண்டாங்கலாம். சத்தியம் சொல்றது. சொன்னது சொன்னதுதான்."

பஸ் வந்துவிட்டது.

அறிக்கையைத் தாக்கல் செய்தேன். இரண்டு கொத்து கருகியது, பச்சை ஒயர், வீங்கிய கண்டன்சர், குளவிக்கூடு, தூசி. பவித்ரா இல்லை. கருப்பு இல்லை. நீதிபதி படித்துவிட்டு, இரு தரப்பும் பேசித் தீர்க்க முடியுமா என்று பார்க்கச் சொல்லி ஒரு வாய்தா போட்டார். கோர்ட் முன்னால் இருந்த கேள்வி ஒன்றுதான்: மோட்டாரைக் கருக்கியது பிரதிவாதியா? ஆம் அல்லது இல்லை. அந்த ஒயரை மாட்டியது யார் என்று வழக்கில் யாரும் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குக் கோர்ட் பதில் சொல்லாது. ரொனால்டின் மோட்டார் மாதிரி.

வாய்தாவுக்கு முன்பு ஒருநாள் பவித்ரா போன் செய்தாள். "அக்கா, வழக்கத் திருப்பலாம்னு பூசாரி சொன்னதும் மாமாகிட்ட சொல்லிட்டேன். அவரு சாப்புடவே இல்ல. இன்னிக்குச் சாயந்தரம் வழக்கத் திருப்பப் போறோம். சின்ன மாமாவும் வாரேன்னுட்டாரு. நீங்க வாரீங்களா?"

அறிக்கை கொடுத்ததோடு என் வேலை முடிந்துவிட்டது. இருந்தாலும் போகலாமா என்று யோசித்தேன். என் அப்பாவிடம், எங்கள் வீட்டுப் பேச்சில் அத்தாவிடம், சொன்னேன். "சாமி கும்பிடப் போறியா, வேடிக்கை பாக்கப் போறியா?" என்றார்.

"அவரு காதுல என்ன சொன்னாருன்னு தெரியணும் அத்தா."

"அப்ப நீ போகாம இருக்க மாட்ட. போயிட்டு வந்து எனக்கும் சொல்லு."

வெயில் தாழ்ந்திருந்தது. வேப்பமரத்து நிழலுக்கு வெளியே, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன். நாச்சிமுத்து முகம் சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார். பவித்ராவின் மணிக்கட்டில் டாக்டர் கொடுத்த பட்டை. பொன்னழகு கடைசியாக வந்து, யார் பக்கத்திலும் சேராமல் நின்றார்.

பவித்ரா முன்னால் வந்து, நடந்ததை நடந்தபடி சொன்னாள். எதையும் விடவில்லை. முறை மாறியது, பட்டனை அழுத்தியது, புகை, வீட்டுக்கு ஓடியது.

பொன்னழகு கேட்டுவிட்டு, "ஏத்தா, இத அன்னிக்கே சொல்லியிருந்தா நான் ஒரு வசவு வஞ்சிட்டுப் போயிருப்பேனே. இதுக்கா கோர்ட்டு, கமிசனு?" என்றார். அவ்வளவுதான். அவர் முகத்தில் வெற்றி இல்லாதது எனக்கு விநோதமாக இருந்தது.

"சரி" என்றார் ஈஸ்வரன். "நாச்சிமுத்தண்ணே, காதுல சொன்னதச் சொல்லுங்க. பேரு சொன்னீகளா?"

நான் பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டேன்.

நாச்சிமுத்து தொண்டையைச் செருமினார். "சொல்லத்தான் வந்தேன். இவன் பேரச் சொல்லணும்னுதான் வீட்டுல இருந்து புறப்பட்டது. காசு வெட்டியாச்சு. காதுகிட்ட குனிஞ்சாச்சு. வாய் வரல."

"ஏன்?" என்றார் ஈஸ்வரன்.

"அந்த ஒயரு" என்றார். "மழை இல்லாத வருசம். நாளெல்லாம் டூ ஃபேஸ்தான் வரும். வெங்காயம் காயுது. நானும் இவனும் சேர்ந்துதான் அந்த ஒயர மாட்டுனோம். நான் பிடிச்சுக்கிட்டேன், இவன் முறுக்குனான். கண்டன்சரும் ரெண்டு பேருந்தான் வாங்குனோம். அது ஞாபகம் வந்துருச்சு. பேரு சொன்னா என் பேரையும் சேத்துல்ல சொல்லணும்? அதனால பேரச் சொல்லல. 'இந்த மோட்டாரத் தொட்ட கை எதுவோ, அந்தக் கைய நீ பாத்துக்க'ன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

பொன்னழகு சிரித்தார். நல்ல சிரிப்பு இல்லை.

"தொட்ட கையா? அப்ப உன் கை, என் கை, இந்தப் புள்ள கை. அந்த மெக்கானிக்கு ரொனால்டு கை. ஏன், அந்தா நிக்கிற வக்கீலம்மா கையுந்தான். குளவிக்கூட்டத் தடவித் தடவிப் பாத்தாக."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் என் விரலைப் பார்த்தேன். ஒரு கணம், உண்மையாகவே, அது மரத்திருக்கிறதா என்று மடக்கிப் பார்த்தேன்.

"எல்லாத்துக்கும் சேத்துத்தான் திருப்புறோம்" என்றார் ஈஸ்வரன். ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து ஒவ்வொருவர் கையிலும் ஊற்றினார். எனக்கும் பெஞ்சுக்கே வந்து ஊற்றினார். "கிணத்துத் தண்ணிதாம்மா. கை கழுவ எந்தச் சாமியும் வேண்டாங்காது." கழுவிக்கொண்டேன். நாச்சிமுத்து முழுக் காசு ஒன்றைக் கல்லின்மேல் வைத்தார். பவித்ரா கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். அவள் தோள் இறங்கியதைப் பார்த்தேன்.

வழக்கு முடிந்தது என்று நினைத்தேன். கோர்ட்டாக இருந்தால் முடிந்திருக்கும். வாதி வழக்கை வாபஸ் வாங்கிவிட்டார், பிரதிவாதிமேல் குற்றம் இல்லை. எல்லோரும் அடுத்த வழக்குக்கு வழிவிட்டு வெளியே போகலாம்.

ஆனால் பொன்னழகு நகரவில்லை.

"ஈஸ்வரா. நான் அணைச்ச சூடம்?"

ஈஸ்வரன் காலிச் சொம்பைக் கல்லோரம் வைத்தார்.

"அன்னிக்கு நான் தொடலன்னு மட்டும் சொல்லியிருந்தா நிஜம். அந்தக் கோவத்துல, கருகுனதுல எனக்குச் சம்பந்தமே இல்லன்னுட்டேன். ஊரு முன்னாடி. அந்த ஒயர இந்தக் கையாலதான முறுக்குனேன். கமிசன் அன்னிக்கு அந்தக் குளவிக்கூட்டப் பாக்குற வரைக்கும் எனக்கு அது நெனப்பே இல்ல." வலது உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். சூடத்தை அணைத்த கையும் அதுதான்.

எனக்கு இப்போதுதான் மொத்தமும் விளங்கியது. பழி சுமத்தியவருக்கு விடுதலை. செய்த பெண்ணுக்கு விடுதலை. பழி சுமந்தவர் மட்டும் மிச்சம். கோர்ட்டில் ஜெயித்திருக்கக்கூடிய ஒரே ஆள் அவர்தான்.

"மறந்து சொன்னது பொய்யாகுமா?" என்று நான் கேட்டேன். கேட்டிருக்கக்கூடாதோ என்னவோ. எங்கள் சட்டத்தில் தெரிந்தே சொன்னால்தான் பொய்ச்சாட்சி.

"அது எனக்குத் தெரியாதும்மா" என்றார் ஈஸ்வரன். "காச எப்படித் திருப்புறதுன்னு எங்கப்பா சொல்லிக் கொடுத்திருக்காரு. இதுக்கு ஒண்ணும் சொல்லிக் கொடுக்கல."

டீக்கடை அடுப்பில் பால் பொங்கும் சத்தம் கேட்டது. ஈஸ்வரன் ஓடிப்போய் இறக்கிவைத்துவிட்டு வந்தார்.

நாச்சிமுத்து துண்டை இடுப்பில் கட்டினார். கருப்பின் கல் முகத்தை நோக்கிப் போனார்.

"எங்கண்ணே போறீக? உங்களுதுதான் முடிஞ்சிருச்சே" என்றார் ஈஸ்வரன்.

"கிணத்துல பாதி எனக்கு. மோட்டாருல பாதி எனக்கு. ஒயர நான் பிடிச்சேன், அவன் முறுக்குனான். இதுல மட்டும் முழுசும் அவனுக்கு எப்படிப் போகும்?"

"அப்படிப் பங்கு போட முறை கிடையாதுண்ணே."

"முறை இருக்கா இல்லையான்னு கேட்டுப் பாக்குறேன்."

குனிந்தார். கல்லின் காதருகே வாயை வைத்து, கையை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு பேச ஆரம்பித்தார். ஈஸ்வரன் முறைப்படி தள்ளிப் போனார். பவித்ராவும் தள்ளி வந்தாள். என் பெஞ்சுக்கும் அந்தக் காதுக்கும் நடுவே வேப்பம் பழங்கள் சிதறிக் கிடந்த கொஞ்சம் மண்தான். இரண்டு எட்டு வைத்தால் கேட்டிருக்கும். என்ன ஆசையாக இருந்தது என்று சொல்லிப் புரியவைக்க முடியாது. நான் இருந்த இடத்திலேயே இருந்தேன்.

அவர் நெடுநேரம் பேசினார். காசு வெட்டிய அன்று இவ்வளவு பேசியிருக்க மாட்டார். நடுவில் ஒருமுறை தலையாட்டினார், எதிரில் யாரோ ஏதோ கேட்டதற்குப் பதில் சொல்வது போல.

நிமிர்ந்து வந்தபோது முழங்காலில் மண் ஒட்டியிருந்தது. பொன்னழகு ஓரடி முன்னால் வந்தார்.

"என்னண்ணே சொன்னே?"

"உனக்கெதுக்கு?"

"என் விசயமாத்தான பேசுன?"

"நீ சொல்ல வேண்டியத நீ போய்ச் சொல்லு" என்றார் நாச்சிமுத்து, முழங்காலைத் தட்டிக்கொண்டே. "ஏன் நிக்கிற? போ. இப்ப உன் முறை."

பொன்னழகு செருப்பைக் கழற்றினார்.